பால்ட்வினின் ‘நான்’

ஜேம்ஸ் பால்ட்வினும் வில்லியம் எஃப். பக்லியும் எதிரெதிரே பேசிய கேம்பிரிட்ஜ் விவாதத்தின் ஒளிப்பதிவை இதுவரை ஐந்தாறு தடவையாவது பார்த்திருப்பேன். முதல் தடவை எல்லாரையும்போல பால்ட்வினுக்குக் கைதட்டினேன். பக்லியின் ராகம் போட்டு இழுக்கும் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தேன். நான்காவது தடவையோ என்னவோ, ஒரு சங்கடம் நடந்தது. பக்லி ஒரு வாதத்தை வைக்கிறார், என் தலை தன்பாட்டுக்கு ஆடுகிறது. ‘ஆமாம்தானே’ என்கிறது. படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்தத் தலையாட்டல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

விவாதம் நடந்தது 1965 பிப்ரவரி 18 அன்று, கேம்பிரிட்ஜ் யூனியன் மன்றத்தில். அமெரிக்கக் கனவு என்பது அமெரிக்க நீக்ரோவின் செலவில் நிறைவேறியிருக்கிறது என்பது தலைப்பு. (‘நீக்ரோ’ அன்றைய சொல்.) ‘செலவில்’ என்று எழுதினால் அகராதிப்படி சரிதான், ஆனால் ஏதோ கல்யாணச் செலவு மாதிரி இருக்கிறது. நம் பேச்சில் இதற்குச் சரியான வழக்கு ‘வயிற்றிலடித்து’. யார் வயிற்றிலடித்து யார் வீடு கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. ஓட்டெடுப்பில் பால்ட்வின் பக்கம் 544, பக்லி பக்கம் 164. மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதே நாள் இரவு, அலபாமாவில் மேரியன் என்ற சிற்றூரில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களை மாநிலக் காவலர்கள் அடித்து விரட்டினார்கள். ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞர் சுடப்பட்டார். எட்டு நாள் கழித்து இறந்தார். பிப்ரவரி 21-இல் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். மார்ச் 7-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழ் இரண்டு உரைகளையும் அச்சிட்டது. அன்றைக்குத்தான் செல்மா பாலத்தில் ஊர்வலக்காரர்களின் மண்டை உடைந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மன்றத்தின் கோட்டுசூட்டும் சிரிப்பும் கொஞ்சம் குளிரடிக்கும்.

பால்ட்வின் உரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் குரலைப் பற்றியே எழுதுகிறார்கள். பதின்ம வயதில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர், அந்தத் தாளம் அவர் நாக்கில் இருக்கிறது என்று. உண்மைதான். என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய இலக்கணம். உரையின் நடுவில் ஓரிடத்தில் அவர் பருத்தி பறித்தவர்களையும், அதைச் சந்தைக்குச் சுமந்தவர்களையும், சவுக்கடிக்குக் கீழே கூலியில்லாமல் தண்டவாளம் போட்டவர்களையும் பற்றிப் பேசுகிறார். ‘அவர்கள்’ என்றோ ‘எங்கள் முன்னோர்’ என்றோ சொல்வதில்லை. ‘நான்’ என்கிறார். நான் பறித்தேன், நான் சுமந்தேன், நான் போட்டேன். பால்ட்வின் 1924-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பருத்திக் காட்டில் வேலை செய்தவர் இல்லை. வளர்ந்தபின் பாரிஸுக்குப் போய் உட்கார்ந்து நாவல் எழுதியவர்.

அப்படியானால் அந்த ‘நான்’ மேடைக்கான ஜோடனையா? தமிழில் யோசித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு, ஆங்கிலத்துக்கு ஒன்றுதான். அவர் ‘நாங்கள்’ என்று பேசியிருந்தால் எதிரே இருக்கும் வெள்ளை மாணவன் வெளியே போய்விடுவான். ‘பாவம், அவங்க கஷ்டம்’ என்று இரக்கப்பட்டுவிட்டுத் தப்பிக்கலாம். ‘நாம்’ என்றால் பொய். எல்லாரும் பருத்தி பறிக்கவில்லை. ‘நான்’ என்றதும் தப்பிக்க வழியில்லை. கடன்காரன் நேரே வாசலில் வந்து நிற்கிறான். உரையின் கடைசிப் பகுதியில்தான் அவர் நம் மொழியின் ‘நாம்’ என்ற பொருளுக்கு வருகிறார். கறுப்பரும் வெள்ளையரும் ரத்தம் கலந்தவர்கள், இருவரும் சேர்ந்துதான் அந்த நாடு, என்னை ஒதுக்கி வைத்தால் உங்கள் கனவும் நிற்காது என்கிறார். ‘நான்’ என்ற வாசலைத் தாண்டாமல் அந்த ‘நாம்’ கிடைக்காது என்பதுதான் உரையின் அமைப்பே. 

இந்த இலக்கணத்தை விநோதம் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கர் எவரும் 1776-ஐப் பற்றிப் பேசும்போது ‘நாம் சுதந்திரம் வாங்கினோம்’ என்றுதான் பேசுவார். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கடாரத்தை ‘நாமதான் ஜெயிச்சோம்’ என்று சொல்ல நமக்கு வாய் கூசியதே இல்லை. பெருமைக்கு ‘நாம்’, பழிக்கு ‘அவங்க’. பால்ட்வின் செய்தது இவ்வளவுதான்: பெருமைக்குப் பயன்படுத்துகிற தன்மையிடத்தை வலிக்கும் பயன்படுத்தினார்.

இனி பக்லி. அவரை வில்லனாக்கி ஒதுக்குவது எளிது. 1955-இல் நேஷனல் ரிவ்யூ இதழைத் தொடங்கி அமெரிக்க வலதுசாரிச் சிந்தனைக்கு ஒரு முகம் கொடுத்தவர். தென்மாநிலங்களில் வெள்ளையரே மேலோங்கி நிற்க வேண்டும் என்று அவருடைய இதழ் 1957-இல் தலையங்கம் எழுதியிருக்கிறது. பிற்காலத்தில், தான் நினைத்தது தவறு, மத்திய அரசு தலையிட்டிருக்கத்தான் வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அன்று மேடையில் அவர் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. அநீதி நடந்ததை மறுக்கவும் இல்லை. பால்ட்வினை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுவதே அவர் தோலுக்காகத்தான், நான் அந்தச் சலுகையைத் தரப்போவதில்லை, ஒரு வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்வதுபோலவே சொல்கிறேன் என்று தொடங்குகிறார். சாமர்த்தியமான தொடக்கம். மிசிசிப்பியில் நீக்ரோவுக்கு ஓட்டுப்போட விடுங்களேன் என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தபோது, அங்கே பிரச்சினை கறுப்பர்கள் ஓட்டுப்போடாததல்ல, வெள்ளையர்கள் நிறையப்பேர் ஓட்டுப்போடுவதுதான் என்று மடக்கினார். அரங்கம் சிரித்தது. அந்த இரவில் அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்பதை மேரியனில் கேட்க வேண்டும்.

என் தலை ஆடியது அதற்குப் பிறகு. அயர்லாந்துக்காரர்களும் யூதர்களும்கூட ஒடுக்கப்பட்டவர்கள்தான், அவர்கள் எழுந்து வரவில்லையா என்ற சரடில் பேசிக்கொண்டே போய், பக்லி ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துப் போடுகிறார். 1900-இல் இருந்த கறுப்பின மருத்துவர்களின் எண்ணிக்கையையும் 1960-இல் இருந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் வைக்கிறார். அறுபது வருஷத்தில் சில நூறுதான் கூடியிருக்கிறது. கதவு மூடியிருந்ததால் அல்ல, உள்ளே போகும் முனைப்பு போதாததால் என்கிறார். 

படிச்சா முன்னேறிடலாம், முன்னேறலைன்னா ஒழுங்கா படிக்கலை. இந்தச் சொற்றொடரைக் கேட்டு வளர்ந்த வீட்டில் இருந்து வருகிறவன் நான். மதிப்பெண் பட்டியலை மனிதனின் எக்ஸ்ரே என்று நம்புகிற வீடு. அதனால் தலை ஆடிவிட்டது. அதிலிருந்து மீள எனக்குக் கவிதையோ பிரசங்கமோ உதவவில்லை. ஒரு பழைய அறிக்கைதான் உதவியது.

1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தார். தரமில்லாத கல்லூரிகளை மூட வேண்டும் என்பது சாரம். நவீன மருத்துவக் கல்வியின் அஸ்திவாரம் என்று இன்றும் கொண்டாடப்படும் அறிக்கை. அப்போது கறுப்பினத்தவர்களுக்கென்று ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் பிளெக்ஸ்னர்: வாஷிங்டனின் ஹோவார்டு, நாஷ்வில்லின் மெஹாரி. மற்ற ஐந்தும் அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் மூடப்பட்டன. தென்மாநில வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பரைச் சேர்க்காது. உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் பலவும் அவர்களை உறுப்பினராக்காது. சங்கத்தில் இல்லாதவரைப் பல மருத்துவமனைகள் உள்ளே விடாது. இதற்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஆக, ஒரு நாடு முழுவதுக்கும் பெரும்பாலும் இரண்டே வாசல். அதில் அறுபது வருஷம் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, ஏன் கூட்டம் குறைவு என்று கேட்கிறார் பக்லி.

அவர் எடுத்துக் காட்டிய எண்தான் அவருக்கு எதிரான சாட்சி. ஆனால் பால்ட்வின் முன்னாலேயே பேசி அமர்ந்துவிட்டார். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு முறை வரவில்லை. வந்திருந்தாலும் பிளெக்ஸ்னரை எடுத்திருப்பாரா என்பது சந்தேகம். அவருடைய ஆயுதம் அதுவல்ல. இதை ஒரு விமர்சனமாகவே சொல்கிறேன். 544 பேரின் மனசாட்சியை அவரால் உலுக்க முடிந்தது. அறுபது வருஷம் தள்ளி வேறொரு கண்டத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிற ஒருவனின் தலையாட்டலை அந்த உரையால் நிறுத்த முடியவில்லை.

அதை நிறுத்தும்படி எழுதியவர் டா-நெஹாசி கோட்ஸ். 2014-இல் அட்லாண்டிக் இதழில் வந்த அவருடைய நெடுங்கட்டுரை கறுப்பின மக்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று வாதிடுவது. கோட்ஸே அதற்குச் சில வருஷங்கள் முன்புவரை இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்காதவர். மனம் மாறிய கதையையும் தனியாக எழுதியிருக்கிறார். அவரைப் பால்ட்வினின் வாரிசு என்று சொல்லும் வழக்கம் டோனி மாரிசன் சொன்ன ஒரு பாராட்டிலிருந்து கிளம்பியது. மகனுக்கு எழுதிய கடிதமாக 2015-இல் வந்த அவருடைய நூலுக்கு அது பொருந்தலாம். இந்தக் கட்டுரைக்குப் பொருந்தாது. இதில் பிரசங்கியின் குரல் கிடையாது. கணக்குப்பிள்ளையின் குரல்.

கட்டுரை 1923-இல் மிசிசிப்பியில் பிறந்த ஒருவரின் கதையில் தொடங்குகிறது. சிறுவயதில் அவர் குடும்பம் 3,000 டாலர் வரி பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லி அதிகாரிகள் நிலத்தையும் மாடுகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துப் படிப்பில்லாத அப்பாவால் எதையும் கேட்க முடியவில்லை. சிறுவன் ஆசையாக வளர்த்த குதிரையை ஒரு வெள்ளைக்காரர் 17 டாலரை நீட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறார். வளர்ந்து, ராணுவத்தில் இருந்து, 1947-இல் சிகாகோவுக்கு வருகிறார். 1961-இல் வீடு வாங்குகிறார். விலை 27,500 டாலர். விற்றவர் அதே வீட்டை ஆறு மாதம் முன்பு 12,000 டாலருக்கு வாங்கியிருக்கிறார். அதுவும் முறையான கிரயம் இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டின காசும் போச்சு. 

வங்கிக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். 1933-இல் தொடங்கப்பட்ட வீட்டுக்கடன் நிறுவனமொன்று அமெரிக்காவின் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. பச்சை நல்ல பகுதி, சிவப்பு ஆபத்தான பகுதி. கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு அநேகமாக எங்கும் சிவப்பு. 1934-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், எந்தக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரலாம் என்பதில் இனக் கலப்பையே ஒரு அபாயமாக எண்ணியது. அந்த வரைபடங்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணமா, ஏற்கெனவே இருந்த பாகுபாட்டைப் பதிவு செய்தனவா என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். கோட்ஸை வாசிப்பவர்கள் இந்தச் சர்ச்சையையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வரைபடங்களின் மீது பழியைப் போடுவது கவர்ச்சியாக இருக்கிறது என்பதாலேயே சற்று நிதானம் வேண்டும். ஆனால் அரசு உத்தரவாதம் கறுப்பருக்குக் கிடைக்கவில்லை என்பதில் சர்ச்சை இல்லை. உலகப்போரில் இருந்து திரும்பிய வீரர்களுக்குச் சலுகைக் கடன் தரும் சட்டம் 1944-இல் வந்தது. 1947-இல் மிசிசிப்பியில் அப்படி உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2.

இந்தக் கட்டுரையின் மேதைமை என்று நான் நினைப்பது ஒரே ஒரு முடிவு. கோட்ஸ் அடிமை முறையில் தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் ‘செத்தவங்க செஞ்சது, செத்தவங்களுக்கு நடந்தது’ என்று மூடிவிடலாம். அவர் உயிரோடு இருக்கும் ஒருவரிடம் தொடங்குகிறார். கட்டுரை வெளியானபோது அந்த மிசிசிப்பிக்காரருக்கு வயது தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. அதே வீட்டில்தான் இருந்தார். பால்ட்வின் ‘நான்’ என்ற சொல்லால் செய்ய முயன்றதை, கோட்ஸ் ஒரு கிரயத் தொகையால் செய்கிறார். வீடுதான் அமெரிக்க நடுத்தரக் குடும்பம் பிள்ளைக்கு விட்டுப்போகும் சொத்து. இப்போது 2022-ஆம் ஆண்டின் மத்திய வங்கிக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், நடுநிலைக் கறுப்புக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். சம்பள வித்தியாசத்தை மட்டும் வைத்து இந்தப் பள்ளத்தை விளக்க முடியாது. சம்பளம் நீங்கள் சம்பாதிப்பது. சொத்தில் பெரும்பகுதி தாத்தா வாங்கியது, அல்லது வாங்க விடப்படாதது.

கோட்ஸுக்கு எதிர்ப்பு வலதில் இருந்து மட்டும் வரவில்லை. இடதுசாரி அறிஞர் அடால்ஃப் ரீட் 2000-ஆம் ஆண்டிலேயே இழப்பீட்டுக் கோரிக்கையை மறுத்து எழுதியவர், அவரும் கறுப்பர். பெரும்பான்மை ஏழைகளை ஒன்றுசேர்க்காத எந்தக் கோரிக்கையும் அரசியலாக ஜெயிக்காது என்ற அவருடைய வாதத்துக்கு எனக்குச் சரியான பதில் தெரியாது. என்னுடைய மனக்குறை வேறு. கணக்கு இவ்வளவு துல்லியமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கட்டுரையின் கடைசிப் பகுதியில் கோட்ஸ் தடாலென்று ஒரு தேசத்தின் ஆன்மிகப் புத்துயிர்ப்பு என்ற இடத்துக்குத் தாவுகிறார். ரசீது காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஞானஸ்நானம் பேசுகிறார். வாசல் வழியாக வெளியே அனுப்பிய பால்ட்வின் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டார்.

ஆனால் அது கோட்ஸின் தடுமாற்றம் மட்டுமல்ல. கணக்கு அடைக்க முடியாத ஒரு ஓட்டை இருக்கிறது. பால்ட்வின் அன்று செல்மாவின் ஷெரிஃப் ஜிம் கிளார்க்கைப் பற்றிச் சொன்னார். மாட்டை முடுக்கும் மின்கோலைப் பெண்ணின் மார்பில் வைக்க முடிகிற ஒரு மனிதனுக்குள் ஏதோ பயங்கரமாக நடந்திருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு நடந்ததைவிட ஒருவிதத்தில் அது மோசம் என்றார். எனக்கு இந்த இடம் முதலில் எரிச்சலூட்டியது. அடித்தவனுக்காக ஏன் பரிதாபப்பட வேண்டும்? இப்போது அது பரிதாபமாகத் தெரியவில்லை. கிளார்க் தன் மனசாட்சிப்படி நல்லவர், குடும்பத்தை நேசிப்பவர், வறுமையிலும் ‘நான் கறுப்பன் இல்லை’ என்பதே அவருக்கு இருக்கும் ஒரே சொத்து. அந்தச் சொத்து எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம் 2021-இல் வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு ஈடாகக் கறுப்பினக் குடும்பங்களுக்கு 25,000 டாலர் தரத் தீர்மானித்தது. நல்ல காரியம். ஜிம் கிளார்க்கின் பேரன் தன் சொத்தை யாரிடம் போய் ஒப்படைப்பான்?

2019 ஜூனில், அமெரிக்க நாடாளுமன்றக் குழு இழப்பீடு பற்றி விசாரித்தது. அதற்கு முதல்நாள் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல், 150 வருஷத்துக்கு முன் நடந்ததற்கு இப்போது உயிரோடு இருக்கும் யாரும் பொறுப்பில்லை என்றார். மறுநாள் கோட்ஸ் குழுவின் முன்னால் போய், மெக்கானல் உயிரோடு இருந்த காலத்திலேயே நடந்தவற்றை வரிசையாக அடுக்கினார். எனக்கு இதைக் கேட்டபோது நினைவு வந்தது பிரிட்டன். 1833-இல் அங்கே அடிமை முறையை ஒழித்தபோது அரசு இழப்பீடு கொடுத்தது. 2 கோடி பவுண்ட். அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டன் அடைத்து முடித்த ஆண்டு 2015. 2018-இல் நிதியமைச்சகம் இதை ஒரு சுவையான தகவலாக ட்விட்டரில் போட்டது, வாங்கிக் கட்டிக்கொண்டு நீக்கியது.

2015 என்றால் யோசித்துப் பாருங்கள். ஜமைக்காவிலிருந்து போய் லண்டனில் பேருந்து ஓட்டியவரின் வரியும் அதில் இருக்கிறது. 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிப்போய் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்தவரின் வரியும் இருக்கிறது. அவர்கள் யாரும் அடிமை வைத்திருக்கவில்லை. யாரும் அவர்களிடம் ‘உங்க தாத்தா செஞ்சாரா?’ என்று கேட்டு வரி வாங்கவில்லை. எஜமானனுக்குச் சேர வேண்டியது என்றால் 180 வருஷம் ஆனாலும் அரசுகளுக்கு ஞாபகம் இருக்கிறது, தவணை பிசகாமல் கட்டுகின்றன. மற்றவன் கேட்டால்தான் ‘அதெல்லாம் அந்தக் காலம்ங்க’.

கேம்பிரிட்ஜ் உரையில் இன்னொரு இடம் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி, நாற்பது வருஷத்தில் ஒரு நீக்ரோகூட அமெரிக்க ஜனாதிபதி ஆகலாம் என்று சொல்லியிருந்தார். வெள்ளையர்களுக்கு அது தாராள மனசாகப் பட்டது. ஹார்லெமில் முடிவெட்டும் கடையில் அதைக் கேட்டவர்கள் எப்படிக் கசப்பாகச் சிரித்தார்கள் என்று பால்ட்வின் சொல்கிறார். நானூறு வருஷமாக இங்கே இருப்பவர்களிடம், நேற்று வந்த அயர்லாந்துக்காரர் வீட்டுப் பிள்ளை சொல்கிறது: ஒழுங்காக இருந்தால் நாற்பது வருஷத்தில் பார்க்கலாம்.

கென்னடியின் கணக்கு கிட்டத்தட்ட சரியாகவே வந்தது. 2014-இல் கோட்ஸின் கட்டுரை வெளியானபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் பராக் ஒபாமா. பதவிக்காலம் முடியும் சமயத்தில் இருவரும் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினார்கள். இழப்பீடு பற்றியும் பேச்சு வந்தது. கோட்ஸின் தர்க்கத்தை ஒபாமா மறுக்கவில்லை. நடைமுறை அரசியலில் அதற்குப் பெரும்பான்மை கிடைக்காது என்றுதான் சொன்னார்.